பாறைச் சந்தில் பதினாறு காலடி

பாலைவனத்துக் கீரிகளுக்குக் குளிர்காலம் வந்தால் கொண்டாட்டம்தான். மணல் காலைச் சுடாது. பாம்புகள் பொந்துக்குள் சுருண்டு தூங்கப் போய்விடும். குட்டிகளைக் கூட்டிக்கொண்டு செம்பாறைச் சந்துகளைச் சுற்றிப் பார்க்க அதைவிட நல்ல காலம் கிடையாது.

சந்து என்றால் தெருச் சந்து இல்லை. எப்போதோ பெய்த மழைத் தண்ணீர் பாறையை அறுத்து அறுத்துப் போட்ட வழி. இரண்டு பக்கமும் பனை உயரத்துக்குச் சிவப்புச் சுவர். நடுவில் ஒரு கீரி நடக்க மட்டும் இடம். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நாடா அளவுக்குத் தெரியும்.

அந்தச் சந்துக்குள் ஒரு மார்கழிக் காலையில் ஒரு கீரிக் குடும்பம் நுழைந்தது. முன்னால் அப்பா நெடுவாலன். அவன் பின்னால் அவனுடைய இரண்டு பெண் குட்டிகள், சில்லுவும் மினுக்கியும். அடுத்து அம்மா செவ்விழி. கடைசியில் செவ்விழியின் தம்பி தொப்பையன். பேருக்கு ஏற்ற உடம்பு!

"மச்சான், வயித்தை உள்ளே இழுத்துக்கிட்டு வா! உனக்காகச் சந்து அகலமாகாது!" என்றான் நெடுவாலன்.

"சந்து ஒல்லியா இருந்தா அது என் தப்பா அத்தான்?" என்றான் தொப்பையன்.

நெடுவாலனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு வளைவு தாண்டியதும் நின்று, "இருக்கீங்களா?" என்று கேட்பான். பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராக, "இருக்கேன்!" என்று சொல்ல வேண்டும். நாலு "இருக்கேன்" விழுந்தால்தான் அடுத்த அடி எடுத்து வைப்பான். தொப்பையனின் பதில் மட்டும் எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, பாதித் தூக்கத்தில் வருவதுபோல் இழுத்துக்கொண்டு வரும். "இருக்கே...ன்!"

முதல் வளைவில் நாலு பதில் வந்தது. இரண்டாவது வளைவிலும் நாலு.

அதற்கப்புறம் சுவர்கள் இன்னும் நெருங்கின. சில்லு சும்மா, "ஓ!" என்று கத்தினாள். "ஓ... ஓ..." என்று பாறை திருப்பிக் கத்தியது.

"அப்பா, பாறை பேசுது!"

அவ்வளவுதான். குட்டிகள் தங்கள் பெயரைச் சொல்லிக் கத்தின. நெடுவாலனும் சேர்ந்துகொண்டான். குட்டிகளாவது மூச்சு விட நடுநடுவே நிறுத்தின. அவன் ஒரு பாட்டே பாட ஆரம்பித்துவிட்டான். சந்து முழுக்க ஒரே கூச்சல்! அவன் கண்கூட லேசாகக் கலங்கியது. "பனியும் உண்டு, பசியும் உண்டு. ஆனா எல்லாரும் ஒண்ணா இருக்கோமே! இந்த நாளைக் கொடுத்த சாமிக்குக் கும்பிடு!" என்றான்.

மூன்றாவது வளைவு வந்தது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்!" என்றாள் சில்லு.

"இருக்கேன்!" என்றாள் மினுக்கி.

"இருக்கேன்!" என்றாள் செவ்விழி.

"இருக்கே...ன்!" என்று கடைசியாக ஒரு குரல் இழுத்தது.

நாலு! நெடுவாலன் திருப்தியாக நடந்தான். நாலைந்து அடிகூடப் போகவில்லை, சடக்கென்று நின்றுவிட்டான். மூக்கு துடித்தது. சுவரில் ஒரு வெடிப்பு. அதற்குள் மண் நிறத்தில் ஒரு சுருட்டைப் பாம்பு.

நல்ல பருத்த பாம்பு. குளிரில் விறைத்துப் போயிருந்தது. தலையைத் தூக்கவே அதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"ஆகா! இன்னைக்கு விருந்து வாசலுக்கே வந்திருக்கு!" என்று நெடுவாலன் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பல்லைக் காட்டினான்.

"கொல்றதுன்னா கொல்லு," என்றது சுருட்டை. "ஓட எனக்கு உடம்புல சூடு இல்லை. ஆனா உன் ஆளுங்கள்ல ஒருத்தர் குறையறாங்க. அதை முதல்ல பார்."

"யாருகிட்ட கதை விடறே? இப்பத்தான் எண்ணினேன். நாலு குரலும் வந்துச்சு!"

"குரலை நான் எண்ணறதில்லை."

"உனக்குத்தான் பாம்புச் செவியாச்சே!" என்றாள் மினுக்கி.

"எனக்கு ஏதும்மா செவி? வயிறுதான் எனக்குச் செவி. பாறையில எது அசைஞ்சாலும் வயித்துல தெரியும். நீங்க உள்ளே நுழையும்போது இருபது காலடி விழுந்துது. இப்போ பதினாறுதான் விழுது. குரல் எத்தனை வேணும்னாலும் வரட்டும். குரலுக்குக் கால் கிடையாது!"

நெடுவாலன் சிரித்தான். "பார்த்தியா செவ்விழி, சாகப் போற நேரத்துலயும் இதுக்கு எவ்வளவு சாமர்த்தியம்! நாம திரும்பிப் போனதும் உள்ளே நழுவிடலாம்னு பாக்குது."

செவ்விழி சிரிக்கவில்லை. அவள் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வளைந்த சுவர் மட்டும்தான் இருந்தது.

"என்னங்க, தம்பியைக் காணோம்."

"மெதுவா வருவான். அவன் என்னைக்கு வேகமா வந்திருக்கான்? இப்பத்தானே பதில் சொன்னான்?"

"நீங்க அவனை மட்டும் கூப்பிடுங்க."

நெடுவாலன் கழுத்தை நீட்டிக் கூப்பிட்டான். "மச்சான்! இருக்கியா?"

ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு சந்தின் அடியிலிருந்து, இழுத்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் வருவதுபோல் பதில் வந்தது.

"இருக்கியா...?"

அது மச்சான் இல்லை. அது பாறை திருப்பிச் சொன்ன நெடுவாலனின் குரலேதான்!

"இரண்டாவது வளைவுக்குப் பக்கத்துல ஒரு குழி இருக்கு," என்றது சுருட்டை. "அதுல ஏதோ தண்ணியில அடிச்சுக்குது. முன்னே வேகமா அடிச்சுது. இப்போ விட்டு விட்டு அடிக்குது."

அதைக் கேட்டு முடிப்பதற்குள் செவ்விழி ஓடிவிட்டாள். நெடுவாலனும் குட்டிகளும் பின்னால் ஓடினார்கள்.

குழி அங்கேதான் இருந்தது. முன்னால் வந்த நால்வரும் துள்ளித் தாண்டி வந்த குழிதான். பானைக்குள் பார்ப்பதுபோல் வழவழவென்று உருண்டு ஆழமாகப் போனது. அடியில் பனிபோலக் குளிர்ந்த தண்ணீர். தொப்பையனின் மூக்கு மட்டும் மேலே தெரிந்தது. குனிந்து ஒரு வாய் குடிக்கப் போனவன் வழுக்கி விழுந்திருக்கிறான். ஏற எங்கும் பிடி இல்லை. அவனுடைய நகங்கள் பாறையில் கோடு கோடாகக் கீறியிருந்தன.

"தம்பி!"

பதில் வரவில்லை. மூக்கு ஒருமுறை உள்ளே போய் மேலே வந்தது.

"சந்து ஒல்லியா இருக்கறதும் நல்லதுக்குத்தான்!" என்று சொல்லிக்கொண்டே நெடுவாலன் குழிக்கு மேலே முதுகை ஒரு சுவரிலும் நாலு கால்களை எதிர்ச் சுவரிலும் அழுத்தி, ஆணி அடித்ததுபோல் நின்றுகொண்டான். செவ்விழியின் வாலை வாயில் கவ்விக்கொண்டான். அவள் தலைகீழாகக் குழிக்குள் இறங்கினாள். ஒரு சாண் எட்டவில்லை. இன்னும் நீட்டினாள். வால் பிய்ந்துவிடும்போல் வலித்தது. அவள் வாய் திறக்கவில்லை. தம்பியின் பிடரியைக் கவ்வத்தான் திறந்தாள்.

"இழுங்க!" என்று சில்லு கத்தினாள். குட்டிகள் இரண்டும் அம்மாவின் பின்னங்கால்களைப் பிடித்து இழுத்தன. நெடுவாலனின் கால்கள் நடுங்கின. தொப்பையனோ லேசான ஆள் இல்லை! ஆனால் அன்றைக்கு யாரும் அவன் எடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மேலே வந்து விழுந்தவன் கட்டைபோல் கிடந்தான். அந்த நேரம் பார்த்து உச்சி வெயில் சந்துக்குள் ஒரு முழ நீளத்துக்கு இறங்கியது. அங்கே அவனை உருட்டிக்கொண்டு போய்ப் போட்டு, நால்வரும் அவன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்து ஒரு கண் திறந்தது.

"நான் கூப்பிட்டேன் அத்தான்," என்றான் தொப்பையன். "எத்தனையோ தடவை கூப்பிட்டேன். நீங்க பாடிக்கிட்டிருந்தீங்க."

நெடுவாலன் அவனை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டான். "மன்னிச்சுக்கோ மச்சான். பாறை திருப்பிச் சொன்ன நம்ம குரலையே கேட்டுக்கிட்டு, நீ இருக்கேன்னு நெனச்சுட்டேன்."

வெயில் நகர்ந்தது. தொப்பையனால் நடக்க முடிந்தது. வெளியே போகும் வழி கீழ்ப்பக்கம். ஆனால் நெடுவாலன் மேல்பக்கம் திரும்பினான். யாரும் எங்கே என்று கேட்கவில்லை. எல்லோரும் கூடவே போனார்கள்.

சுருட்டை அதே வெடிப்பில் அப்படியே கிடந்தது.

"வந்துட்டியா? சரி, முடிச்சுக்கோ," என்றது.

"முடிக்க வரலை. மச்சான் பிழைச்சுட்டான். அதைச் சொல்லத்தான் வந்தேன்," என்றான் நெடுவாலன். அவன் தலை குனிந்திருந்தது. கீரி பாம்புக்கு முன்னால் தலை குனிவது லேசான காரியமா? குனிந்தான். "நான் உன்னைக் கொல்ல நின்னேன். நீ ஏன் சொன்னே?"

"அவன் அடிச்சுக்கிட்டது என் வயித்துல குத்திக்கிட்டே இருந்துச்சு. ஒரு உயிர் தவிக்கிறப்போ எப்படிப்பா தூங்கறது?"

கீரியும் பாம்பும் என்றாலே ஊரெல்லாம் சண்டைக்குச் சொல்கிற பேச்சு. அங்கே ஒரு கீரி அழுதுகொண்டு நின்றது.

செவ்விழி வெளியே ஓடி ஒரு வாய் காய்ந்த புல் கொண்டுவந்தாள். குட்டிகளும் கொண்டுவந்தன. தொப்பையன் நடுங்கிக்கொண்டே இரண்டு வாய் கூடுதலாகக் கொண்டுவந்தான். பனிக்காற்று நுழையாதபடி வெடிப்பின் வாயில் புல்லை வைத்து அடைத்தார்கள். அதற்கு முன்னால் உருண்டையான கற்களைத் தள்ளி வைத்தார்கள்.

"இதெல்லாம் சரி, கோடையில என்ன பண்ணுவே?" என்று புல்லுக்குப் பின்னாலிருந்து சுருட்டையின் குரல் வந்தது.

நெடுவாலன் கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. "மத்த பாம்புங்களைப் பத்தி எனக்குத் தெரியாது. ஆனா இந்தச் சந்துப் பக்கம் என் பல்லு வராது. என் பிள்ளைங்க பல்லும் வராது."

"அது போதும். போய்ட்டு வா. தூக்கம் வருது," என்றது சுருட்டை.

உதவி செய்தவர் உறவா பகையா என்று பார்க்காமல் தலை குனிந்து நன்றி சொல்லி, அந்த நன்றியைச் செயலிலும் காட்டுகிறவனே நல்லவன்.