மாடிக்குப் போன நாற்காலி

இந்தக் கதையில் மூன்று பேர் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். யார் சொன்னது நியாயம் என்று முடிவில் கேட்பேன். அதனால் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

புன்னைவிளை பேரூராட்சியில் காந்திமதி என்று ஒருத்தி. சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போனவள். சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். ஊரிலுள்ள மாற்றுத்திறனாளிகளைக் கூட்டிச் சங்கம் வைத்தவளும் அதற்குத் தலைவியும் அவள்தான். யாருக்காவது உதவித்தொகை நின்றுபோனால் அந்த அலுவலக வாசலில் போய் உட்கார்ந்துவிடுவாள். காரியம் முடியாமல் நகரமாட்டாள்.

அந்தச் சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்பு ஒரு சமயம் சங்கத்துப் பெரியவர் ஒருவரை ஏதோ ஒரு அலுவலக மாடிக்கு நாலு பேர் தூக்கிக்கொண்டு போகையில், கைதவறிக் கீழே போட்டுவிட்டார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவரை அடக்கம் செய்த கையோடு காந்திமதி எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாள். இனி நம்மில் யாரும் அடுத்தவர் தூக்கி எந்தப் படியும் ஏறுவதில்லை; சாய்தளம் கட்டட்டும், இல்லை அதிகாரி இறங்கி வரட்டும்.

அந்தப் பிடிவாதத்துக்குப் பலன் இருந்தது. ரேஷன் கடைக்கும் தபால் நிலையத்துக்கும் சாய்தளம் வந்தது. ஆனால் அதற்கு விலை கொடுத்தவளும் ஒருத்தி உண்டு. பெயர் இசக்கியம்மாள். மூன்று சக்கர வண்டியில் போய்ப் பட்டப்படிப்பு முடித்த பெண். கம்ப்யூட்டர் வேலைக்கு நேர்காணல் வந்தது, அதுவும் மாடியில். அவளுடைய அப்பா முதுகில் சுமந்துபோகத் தயாராக நின்றார். அவளோ காந்திமதிக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

“ஒருத்தர் ஏறிட்டா அப்புறம் யாருக்கும் கட்டித் தரமாட்டாங்க. கீழேயே இரு, அவங்க இறங்கி வரட்டும்” என்றாள் காந்திமதி.

யாரும் இறங்கி வரவில்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று. இசக்கியம்மாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைசொல்லாமல் அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள்.

பிறகு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. காந்திமதி சுயேச்சையாக நின்று தன் வார்டில் ஜெயித்தாள். பதவிப் பிரமாணத்துக்கு அதிகாரியையே முற்றத்துக்கு இறங்கி வரவைத்தாள். சிக்கல் அதற்கடுத்து வந்தது. கவுன்சிலர்கள் கூடிப் பேரூராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு மாடி மன்றத்தில்தான் நடக்கும், பெட்டியைக் கீழே கொண்டுவர விதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரு தரப்பும் சமபலம். அவள் ஓட்டுத்தான் முடிவு. போட்டியிட்டவர்களில் தங்கப்பாண்டி என்பவர், தான் வந்தால் மன்றத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மற்றவர் அதைக் கேட்டுச் சிரித்தவர்.

தங்கப்பாண்டியின் ஆட்கள் நாலு பேர் வந்து நாற்காலியைப் பிடித்தார்கள். பேரூராட்சி அலுவலக வாசலில் இசக்கியம்மாளும், சங்கச் செயலாளர் அல்போன்ஸும் சால்வையோடு நின்றிருந்தார்கள். அல்போன்ஸுக்குக் கண் தெரியாது. “என்னம்மா நடக்குது?” என்று கேட்டார். “அக்காவைத் தூக்குறாங்க” என்றாள் இசக்கியம்மாள். அது காந்திமதி காதில் நன்றாகவே விழுந்தது. நாற்காலியை நிறுத்தச் சொல்லி, சங்கத்துக்காரர்கள் இருவரிடமும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாற்காலி ஆடி ஆடி மேலே போக, கூட்டம் கைதட்டியது.

தங்கப்பாண்டி ஜெயித்தார். வெடியும் மாலையுமாக எல்லோரும் கீழே இறங்கிப் போனார்கள். தூக்கி வந்த நாலு பேரையும் காணோம். காந்திமதி கூப்பிட்டுப் பார்த்தாள். வெடிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் நாற்காலியை மேலேயே விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாக இறங்கினாள். சேலையெல்லாம் வெற்றிலை எச்சிலும் புழுதியும். கீழே இசக்கியம்மாள் மட்டும் வண்டியில் காத்திருந்தாள்.

“அக்கா, அன்னைக்கு நானும் ஏறியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?”

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் காந்திமதி தாங்கியிருப்பாள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். காந்திமதி குனிந்து சேலையிலிருந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

தங்கப்பாண்டி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மன்றம் கீழே வந்தது. ஆனாலும் காந்திமதிக்குச் சோறு இறங்கவில்லை. சங்கத்தைக் கூட்டினாள். சத்தியத்தை மீறிக் கிடைத்த பலன் எனக்கு வேண்டாம், கவுன்சிலர் பதவியை ராஜினாமா செய்கிறேன், சங்கத் தலைவியாக உங்களோடு இருந்தால் போதும் என்றாள்.

அல்போன்ஸ் ஒப்பவில்லை. தூக்கிப் போனதால்தானே மன்றம் கீழே வந்தது, இரண்டு பதவியிலும் அவள் இருக்கட்டும், காலத்துக்கு ஒவ்வாத கட்டுப்பாட்டை நாம் எடுத்துவிடுவோம் என்றார்.

இசக்கியம்மாள் கடைசியாகப் பேசினாள். “கட்டுப்பாடு இருக்கட்டும். அக்கா கவுன்சிலராவும் இருக்கட்டும். ஆனா இனிமே எங்களுக்குத் தலைவியா இருக்க வேண்டாம்.”

அன்று கைநழுவிய வேலையை மனதில் வைத்துப் பழிதீர்க்கிறாள் என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

சொல்லுங்கள், இந்த மூவரில் யார் சொன்னது நியாயம்?

விடை: இசக்கியம்மாள் சொன்னதே நியாயம். கவுன்சிலர் பதவி வார்டு ஜனங்கள் கொடுத்தது. காந்திமதி தன் வெட்கம் தீர அதை உதறினால் நஷ்டம் அவர்களுக்கு. அல்போன்ஸ் சொன்னபடி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால், அதை நம்பி வேலையை இழந்தவள் ஏமாளியாகிவிடுவாள். ஓட்டுக்காகப் படி ஏறியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொருத்தியைக் கீழே நிறுத்தி வைத்தவள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏறினாளே, அதுதான் பிழை. தலைமையைக் கொடுத்தவர்கள் அந்தச் சங்கத்துக்காரர்கள். திருப்பிக் கொடுக்க வேண்டியதும் அதைத்தான். காந்திமதி அப்படியே செய்தாள். பேரூராட்சிக் கூட்டத்தில் இன்றும் அவள் குரல் கணீரென்று கேட்கிறது. சங்கக் கூட்டத்தில் இசக்கியம்மாள் பேசும்போது மட்டும் அவள் தலை நிமிர்வதில்லை.