வாய் மூடிக் காத்த வாள்

கேளுங்கள், பெரியவர்களே, சின்னவர்களே. குன்றுக்கு ஓர் அரசன் இருந்த காலத்தில் செங்கோடன் என்றொரு மன்னன் இருந்தான். நல்லவன்தான். பொறுமை மட்டும் கிடையாது. சோறு ஆறும்வரை காத்திருக்க மாட்டான். அதனால் அவன் நாக்கு எப்போதும் வெந்தே இருக்கும்.

அவன் நாட்டுக்கும் அடுத்த நாட்டுக்கும் நடுவே ஓர் ஏரி. அந்தக் கோடையில் இரண்டு பக்கமும் நாற்று வாடியது. முதல் தண்ணீர் யாருக்கு? இரு மன்னர்களும் இரும்புத் தூணில் மும்முறை வாள் வீசுவது, வாள் உடையாதவனுக்கே தண்ணீர் என்று முடிவாயிற்று.

செங்கோடன் மாசாத்தியின் கொல்லுலைக்கு ஓடினான். இரும்பு வேலையில் அவளை மிஞ்ச அந்த நாட்டில் ஆளில்லை.

அவள் இரும்பைக் காய்ச்சி அடித்து வாளாக நீட்டினாள். மறுபடி சிவக்கக் காய்ச்சி, காற்றில் தொங்கவிட்டாள்.

"ஏன் சும்மா தொங்குகிறது? தண்ணீரில் முக்கு" என்றான் மன்னன்.

"அடிபட்ட இரும்பு, அரசே. பட்ட அடியெல்லாம் உள்ளே முறுக்கிக்கொண்டு நிற்கிறது. அது தளரட்டும். பிறகுதான் தண்ணீர்."

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மன்னன் தானே வாளை எடுத்து முக்கினான். 'டிக்' என்று விரிசல் விட்டது. அவள் அடித்துத் தந்த இரண்டாவது வாளையும் ஆறவிடாமல் அப்படியே முக்கினான். அது வாழைக்காய் போல வளைந்தது.

இன்னும் ஒரே ஒரு வாளுக்குத்தான் இரும்பு இருந்தது.

மாசாத்தி யோசித்தாள். "அரசே, ஒரு ரகசியம். வாள் ஆறும்போது அரசர்தான் காவல் இருக்க வேண்டும். கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். வாய் திறந்தால் இரும்பு கெட்டுவிடும்."

மன்னன் கையைக் கட்டி, வாயை மூடி உட்கார்ந்தான். வாள் ஆறியது. அவள் மறுபடி காய்ச்சி ஆறவிட்டாள். மூன்றாம் முறையும் அப்படியே. மன்னன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அரண்மனையில் அமைச்சர்கள் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். "இன்னும் நாலு வாள் செய்தாலும் சரிதான்" என்று அரசி சொல்லியனுப்பினாள்.

அதன் பிறகே மாசாத்தி வாளைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாள். இளந்தணலில் வாட்டி, பதம் வந்ததற்கு அடையாளமாக இரும்பில் வைக்கோல் நிறம் ஏறியதும் எடுத்துக் கொடுத்தாள்.

போட்டி நாளில் அடுத்த நாட்டு மன்னனின் வாள் இரண்டாம் வீச்சில் உடைந்தது. செங்கோடனின் வாள் மூன்றையும் தாங்கியது.

"நான் பேசியிருந்தால் நிஜமாகவே கெட்டிருக்குமா?" என்று மாசாத்தியைக் கேட்டான்.

"பேச்சுக்கு இரும்பு கெடாது, அரசே. உங்கள் வாய் ஓடினால் கையும் சும்மா இருக்காதே."

மன்னன் முகம் சிவந்தது. பிறகு சிரித்துவிட்டு, மடையைத் திறக்கச் சொன்னான்.

ஆகவே அறிக: கை வைக்காமல் பொறுத்திருக்கும் நேரமும் வேலையைச் சேர்ந்ததே.