பதினெட்டாம் நாள் நாடி

எந்த ராசா ஆண்ட காலம் என்று கேட்காதீர்கள். எனக்குச் சொன்னவர்களுக்கே அது தெரியாது. கடல் இருந்தது, கடலோரம் உப்பளம் இருந்தது, உப்பளத்தை ஒட்டி ஓர் ஊர் இருந்தது. அது மட்டும் நிச்சயம்.

அந்த ஊரில் செண்பகம் என்று ஒரு மருத்துவச்சி. வயது முப்பத்தைந்துதான். அவளிடம் பாடம் கேட்க வந்த சீடருக்கோ ஐம்பத்தெட்டு. பேர் சங்கரலிங்கம். நாற்பது வருஷம் பெரியவர்களுக்கு நாடி பார்த்த வைத்தியர். கைக்குழந்தைகளின் நோய் மட்டும் பிடிபடவில்லை என்று, வெட்கத்தை விட்டு அவளிடம் வந்து சேர்ந்திருந்தார்.

ஒரு நாள் செண்பகம் பக்கத்து ஊருக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து பொன்னுத்தாய் வந்தாள். கூடவே அவள் மருமகள் வடிவு. வடிவின் மடியில் பதினெட்டு நாள் பெண்பிள்ளை.

"பிள்ளை நெஞ்சு ஒரு மாதிரியா அடிக்குது, வைத்தியரே. பாரும்," என்றாள் மாமியார்காரி.

சங்கரலிங்கம் பிள்ளையின் கையைப் பிடித்தார். வெண்டைப்பிஞ்சு மாதிரி மணிக்கட்டு. வழக்கமான மூன்று விரலை வைக்க அதில் இடமில்லை. பெருவிரலை வைத்துக் கண்ணை மூடினார். நாலு துடிப்பு, ஒரு தவறல். ஆறு துடிப்பு, மறுபடி ஒரு தவறல்.

"விட்டு விட்டு அடிக்கிறது," என்றார்.

"ஏன்?" என்றாள் பொன்னுத்தாய்.

அவர் வடிவைப் பார்த்தார். "பிள்ளை வயிற்றில் இருக்கும்போது நீ என்னம்மா செய்தாய்?"

"உப்பு வாரினேன்."

"எத்தனை மாதம் வரைக்கும்?"

"எட்டு."

"வெயிலில் நின்றாயா? அழுதாயா?"

"நின்றேன். அழவும் செய்தேன்."

"அதுதான். தாய்க்குச் சூடேறினால் பிள்ளைக்கும் ஏறும். தாய் நெஞ்சு பதறினால் பிள்ளை நெஞ்சும் பதறும்."

பொன்னுத்தாய் குனிந்து, வடிவின் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

"வயித்துக்குள்ள இருந்ததையே காப்பாத்தத் தெரியாதவ, கையில இருக்கிறதை என்னத்தைப் பாப்பா? நாளைக்கே இவளை அவ அப்பன் ஊருக்கு அனுப்பிருதேன். பிள்ளை எங்க வீட்டுல இருக்கட்டும். என் மகளும் பிள்ளை பெத்தவதான், பால் கொடுப்பா."

வடிவின் கை, பிள்ளை இருந்த இடத்திலேயே வளைந்தபடி இருந்தது.

அப்போதுதான் செண்பகம் வந்தாள். நடந்ததைக் கேட்டாள். உள்ளே போய், அலமாரியில் கிடந்த மரப்பாச்சி ஒன்றை எடுத்து வந்து சீடரிடம் நீட்டினாள்.

"இதுக்கு நாடி பாரும்."

"மரத்துக்கா?"

"பாருமே. பிள்ளைக்குப் பார்த்த மாதிரியே."

சங்கரலிங்கம் சிரித்துக்கொண்டே பொம்மையின் கைமேல் பெருவிரலை வைத்து அழுத்தினார். சிரிப்பு நின்றுபோனது. கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"என்ன சொல்லுது?" என்றாள் செண்பகம்.

"துடிக்கிறது."

"எப்படி?"

"விட்டு விட்டு." பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தன் பெருவிரலைப் பார்த்தார். "தாயே, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை."

"பெருவிரலுக்கும் நாடி உண்டு, வைத்தியரே. நீர் கேட்டது உம்முடையதை."

பொன்னுத்தாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நல்ல வைத்தியம் போம். நீர் வயித்துல இருக்கையில உம்ம ஆத்தா எந்த உப்பளத்துல நின்னாளோ."

"என் அம்மா வெயிலில் இறங்கினதே இல்லை," என்றார் அவர் மெதுவாக. "பத்து மாதமும் ஊஞ்சலில் உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டார்கள் என்பார்கள்."

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. பொன்னுத்தாயும்தான்.

செண்பகம் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு அவரையும் வைக்கச் சொன்னாள்.

"மூச்சு உள்ளே போகும்போது துடிப்பு ஓடுகிறது," என்றார் சங்கரலிங்கம். "வெளியே வரும்போது நிதானிக்கிறது. ஒரே சீராக இல்லையே. இது நோயா?"

"பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும். இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். பால் குடிக்கையில வேர்த்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ உடனே தூக்கிட்டு வரணும்."

"அப்படியானால் தாயின் சூடும் பதற்றமும் பிள்ளைக்குப் போகாதா?"

"போறதைப் பார்த்திருக்கேன்."

"அப்போ நான் சொன்னது சரிதானே?"

"போகாததையும் பார்த்திருக்கேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "இவளுக்கு எது?"

செண்பகம் வடிவின் பக்கம் திரும்பினாள். "எட்டு மாசத்துல உன்னை உப்பளத்துக்கு யாரும்மா அனுப்பினது?"

வடிவு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னுத்தாய் முந்தானையை இழுத்துவிட்டாள். வாசலைப் பார்த்தாள். பிள்ளை சிணுங்கவும், அதைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தாள். சிணுங்கல் நிற்கவில்லை. கடைசியில் மருமகளின் மடியில் அதை வைத்தாள்.

"பசிக்குது போல. கொடு," என்றாள். பிறகு, "வெயிலேறுது. பிள்ளை தலையை மூடிக்கிட்டு வா. மெதுவாவே வா," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். பிள்ளை குடித்து முடித்ததும் வடிவும் எழுந்து போனாள்.

சங்கரலிங்கம் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். மூன்று விரலைத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"தாயே, ஏன் என்று பொன்னுத்தாய் கேட்டபோது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?"

"உமக்குத் தெரிஞ்சதை."

"எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே."

"அதை," என்றாள் செண்பகம்.

அவர் எழுந்து, உப்பள வரப்பு வழியாக, வடிவு போன திசையில் நடந்தார்.