கோதண்டத்தின் நெட்டைப் பெட்டி

"நான் கிளம்பறேன் அம்மா. இந்த மடத்துல எனக்கு மரியாதை இல்லை."

தோளில் துணி மூட்டையோடு வந்து நின்றார் கோதண்டம். மலைமேல் இருந்த அந்த மடத்தில் அவர்தான் வயதில் மூத்த சீடர். குருவான நாச்சியம்மாளைவிடவும் மூத்தவர். கோபம் மட்டும் இன்னும் பால்குடி மறக்கவில்லை.

"என்ன குறை கோதண்டம்?"

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து பொரி சாப்பிடறீங்க. எல்லார் பக்கத்துலயும் உட்கார்ந்தாச்சு. என் பக்கத்துல ஒரு தடவைகூட இல்லை."

அவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது, பாவம்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். சேருகிற எல்லோருக்கும் ஒரே அளவு பலகை கொடுப்பார்கள். அதில் அவரவரே ஒரு பெட்டி அடித்துக்கொள்ள வேண்டும். மலையேறி வருகிறவர்களுக்குக் கொடுக்கிற பொரி அதற்குள்ளே. பாடம் கேட்க உட்காருவது அதற்கு மேலே.

நம்ம கோதண்டம் என்ன செய்தார் தெரியுமா? எல்லோரையும்விட உயரத்தில் உட்கார வேண்டும் என்று, ஒல்லியாக, நெஞ்சு உயரத்துக்கு ஒரு பெட்டி அடித்துவிட்டார்! ஏறுவதற்கே முக்காலி வேண்டும். ஏறிய பிறகு கால் அந்தரத்தில் தொங்கும்.

"இந்த மடத்துலயே பெரிய பெட்டி என்னுது. அஞ்சலை பெட்டி என் முழங்காலைத் தாண்டாது. போன மாசம் அவ பக்கத்துல உட்கார்ந்தீங்க!"

"உங்க பெட்டியா பெரிசு?"

"பார்த்தாலே தெரியுதே அம்மா!"

அஞ்சலை அன்று காலையிலேயே தன் பொரியை எல்லாம் கொடுத்துத் தீர்த்திருந்தாள்.

"அஞ்சலை, உன் காலிப் பெட்டியைக் கொண்டு வா. கோதண்டம், உங்க பொரியை இதுல கொட்டுங்க."

"என் பெட்டி நிறைய இருக்கு, வழிஞ்சு தரையெல்லாம் ஆயிடும்."

"ஆகட்டும், கொட்டுங்க."

கொட்டினார். கொட்டிக்கொண்டே இருந்தார். நெட்டைப் பெட்டியின் அடியைத் தட்டித் தட்டிக் கொட்டினார்.

அஞ்சலையின் பெட்டியில் இன்னும் நாலு விரல் இடம் பாக்கி.

"என் பொரி எங்க போச்சு?" என்று குனிந்து தேடினார் கோதண்டம். அஞ்சலை சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அவர் முகம் தொங்கிப்போனது. "ரம்பம் கொடுங்க அம்மா. இந்தச் சனியனை அறுத்துப் போட்டுட்டுப் போறேன்."

"பொரியைத் திரும்ப உங்க பெட்டியிலயே போடுங்க. மூடிக்குக் கொண்டியை மாட்டுங்க."

மாட்டினார். நாச்சியம்மாள் எழுந்து வந்தாள். இரண்டு கையாலும் நெட்டைப் பெட்டியை ஒரு தள்ளு தள்ளினாள். அது தொபுக்கென்று படுத்துக்கொண்டது.

"ஐயோ அம்மா!"

"பொரி குறைஞ்சுதா?"

கோதண்டம் கொண்டியைத் தொட்டுப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "ஒண்ணுகூடச் சிந்தலை."

"பெட்டி?"

"குள்ளமாயிடுச்சு. ஆனா... நீளமா இருக்கு."

நாச்சியம்மாள் பெட்டியின் ஒரு முனையில் உட்கார்ந்தாள். மறு முனையைத் தட்டிக் காட்டினாள்.

"வாங்க. எனக்கும் ரொம்ப நாள் ஆசைதான். உங்க பக்கத்துல எங்க உட்கார்றதுன்னுதான் தெரியலை."

கோதண்டம் மூட்டையைக் கீழே போட்டார்.