மேடை ஏறிய துண்டு

தாசில்தார் வடமலையப்பன் காலையில் வந்ததும் நாற்காலியில் வெள்ளைத் துண்டைப் போடுவார், மின்விசிறியை ஓடவிடுவார், வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார். சாதிச் சான்றிதழுக்கு வந்த சனம் வாசலில் காய்ந்து கிடக்கும். "ஐயா சீட்டுலதான் இருக்காரு, இப்பத்தான் எந்திரிச்சுப் போனாரு" என்று பொய் சொல்ல வேண்டியது, ஆபீசைக் கூட்டிப் பெருக்கும் தற்காலிக ஊழியர் மாடத்தி.

அந்த மனுசனுக்குத்தான் 'கடமை தவறாத அலுவலர்' விருதாம்! வெட்கங்கெட்ட உலகம்.

ஆபீஸ் முற்றத்தில் விழா. "நான் சீட்டை விட்டு நகர்ந்ததே இல்லைன்னு நீ மேடையில சாட்சி சொல்லணும். மாத்திப் பேசினே, வேலை காலி" என்று வடமலையப்பன் முன்கூட்டியே மாடத்தியை மிரட்டினார்.

"சொல்லிட்டாப் போச்சுங்கய்யா."

கலெக்டர் பொன்னாடையை விரித்தபோது, மாடத்தி அந்த நாற்காலியைத் துண்டோடு தூக்கிவந்து மேடையில் வைத்தாள்.

"என்னம்மா இது?" என்றார் கலெக்டர்.

"சீட்டை விட்டு நகராம இருந்தது இந்தத் துண்டுதாங்கய்யா. பொன்னாடையை இதுக்கே போத்துங்க."

கூட்டத்தில் ஒருத்தி எழுந்து அலறினாள். "ஆமாய்யா! இந்தத் துண்டு முன்னாடி நின்னு நின்னுதான் என் மகளுக்குக் காலேஜ்ல எடம் போச்சு!"

கலெக்டர் பொன்னாடையை மடித்துவிட்டார். மாடத்தி துண்டை உருவி வடமலையப்பனிடம் நீட்டினாள்.

"வேர்த்துக் கொட்டுதேய்யா, மூஞ்சியைத் தொடைச்சுக்கங்க."