தொண்ணூற்றைந்தாவது லேயர்

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு நாற்பத்தொன்பது.

குருவின் பெயர் எஸ்தர். கோவையில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் ஸ்டுடியோ வைத்திருந்தாள். சீடர் நாச்சிமுத்து அவளுடைய ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒலிக்கலவை கற்றுக்கொண்டவர். ஆறு வருடமாகத் தனி ஆளாக ஓர் ஆல்பம் செய்துகொண்டிருந்தார். அதில் பாடல் வரி கிடையாது. கிதாரும் கம்ப்யூட்டர் ஒலிகளும் மெல்லத் தொடங்கி, லேயர் லேயராக ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பத்தாவது நிமிடத்தில் ஆளை ஓர் அடி அடித்துவிட்டு ஓயும்.

ஏழு பாட்டில் ஆறு முடிந்துவிட்டது. கடைசிப் பாட்டு மட்டும் முடிவேனா என்று அடம்பிடித்தது.

வாராவாரம் வருவார். பென்டிரைவை நீட்டுவார்.

"இன்னொரு லேயர் சேத்தியிருக்கறனுங்க டீச்சர். ஆனாலும் என்னமோ கொறையுதுங்க. என்னதுங்க அது?"

எஸ்தர் பல்லைக் கடித்துக்கொண்டு பென்டிரைவைச் செருகிப் பாட்டை ஓடவிடுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எப்போதுமே அப்படித்தான் கேட்பார். மூன்று மாதம் இப்படியே போனது.

ஆல்பத்தை வெளியிடும் நிறுவனம் மூன்று முறை தேதியைத் தள்ளிக் கொடுத்துவிட்டு, நான்காம் முறை கையை விரித்துவிட்டது. நாளை மாலைக்குள் ஆல்பம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் ஆறு வருட உழைப்பும் அவரோடேயே கிடக்க வேண்டியதுதான்.

அன்றும் பென்டிரைவோடு வந்து நின்றார்.

"என்னங்ணா இது?"

"தகரத்து மேல மழை பேயற சத்தமுங்க. தொண்ணூத்தி அஞ்சாவது லேயர்."

"நாளைக்குக் கடைசி நாளுங்ணா."

"தெரியுமுங்க. இது மட்டும்."

"போன வாரமும் இது மட்டும்னுதான் சொன்னீங்க."

"அது நல்லாத்தானுங்க இருந்துச்சு. இங்க கேக்கறப்ப பாட்டே நெறைஞ்ச மாதிரி இருந்துச்சு. வீட்டுக்குப் போய்க் கேட்டா மறுக்கா கொறையுதுங்க. உங்க ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கருங்க."

எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஸ்பீக்கர் இல்லீங்ணா! வாராவாரம் நீங்க ஒண்ணு சேர்ப்பீங்க. நான் அதை மியூட் பண்ணிட்டு, பழசுல இன்னும் அஞ்சை மியூட் பண்ணுவேன். போன வாரம் நெறைஞ்சிருக்குன்னு நீங்க கேட்டது வெறும் இருபத்திரண்டு லேயர்."

நாச்சிமுத்துவின் முகம் சிவந்துவிட்டது.

"எம் பாட்டுல கை வைக்க நீங்க யாருங்க?"

"எதை எடுத்தேன்னு சொல்லுங்க. இப்பவே திரும்பப் போட்டுடறேன்."

அவர் வாயைத் திறந்தார். ஒரு லேயரின் பெயரும் வரவில்லை.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றார்.

"ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் மறுநாளே நாலு லேயரோட வந்தீங்க."

அவர் பென்டிரைவை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கண்ணை மூடுங்க," என்றாள் எஸ்தர்.

பாட்டு ஓடியது. அவள் ஒரு லேயரை மியூட் செய்தாள். அவர் அசையவில்லை. இன்னொன்று. இன்னும் ஐந்து. கீழே பட்டறையில் யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு எரிச்சலில் சிரிப்பே வந்துவிட்டது. எட்டாவதாக ஒன்றை மியூட் செய்தாள்.

அவர் துள்ளி எழுந்தார்.

"அதெங்கீங்க?"

"எதுங்ணா?"

"அந்த நாலு சுரமுங்க! கீபோர்டுல வாசிச்சது!"

"போன்ல பதிவு பண்ணினதுங்ணா அது. ஒத்தை வெரல்ல தட்டியிருக்கீங்க. பின்னாடி யாரோ மிக்ஸியில சட்னி அரைக்கறாங்க."

"அரைச்சுட்டுப் போகட்டுமுங்க! அது இல்லாட்டி பாட்டே இல்லீங்க!"

"எப்ப வாசிச்சீங்க?"

"இந்தப் பாட்டை ஆரம்பிச்ச மொத நாளுங்க," என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

எஸ்தர் அதை மட்டும் திரும்பப் போட்டாள். மழைச் சத்தம் இருந்த பென்டிரைவை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"அப்ப மீதியெல்லாம் எதை மறைக்கறதுக்குங்ணா?"

நாச்சிமுத்து பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாட்டு முடியும்வரை கண்ணை மூடவே இல்லை.