மீட்டருக்குக் காவல் இருந்த மாப்பிள்ளை

ஈங்கம்பாளையத்தில் நாச்சிமுத்து என்று ஒருவன். அவனுக்குக் குப்புராசு, சென்னியப்பன் என்று இரண்டு தம்பிகள். வீட்டில் தலை மூன்று இருந்தும் மூளைக்குத்தான் பஞ்சம். அப்படிப்பட்ட நாச்சிமுத்துவுக்கும் தலை நரைக்கிற வயதில் ஒரு வரன் வந்தது. வஞ்சிக்கொடி என்கிற அந்தப் பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பெண்ணின் அப்பா ராக்கியண்ணன் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீடு பார்க்க வந்தவர், நேரே மாடிப்படிக்குக் கீழே போய் மீட்டரைப் பார்த்தார். முகம் சுண்டிப் போயிற்று.

“மூணு பேருக்கு இத்தனை யூனிட்டா? நீங்க லைட்டு போட்டா எங்கியோ நிலக்கரி எரியுது. அந்தப் பொகையும் உங்க கணக்குலதான் சேரும். அடுத்த ரீடிங்குக்குள்ள பாதியாக் கொறைச்சுக் காட்டுங்க, பொண்ணு தாறேன். ஃபிரிட்ஜைச் சும்மா தொறந்து தொறந்து மூடாதீங்க. மீட்டர் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்.”

அவர் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், சென்னியப்பன் ஃபிரிட்ஜை ஒரே தடவையாகத் திறந்து போட்டுவிட்டான். அதன்பிறகு அதை யாரும் மூடவில்லை. குப்புராசு மொட்டைமாடிக்குப் போய்ப் புகையைத் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று பெருமையோடு இறங்கி வந்தான்.

நாச்சிமுத்து மீட்டருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். படிக்குக் கீழே கும்மிருட்டு. ஒரு ஃபோகஸ் லைட் மாட்டினார்கள். அந்தச் சூட்டில் மாப்பிள்ளைக்கு வேர்த்து ஊற்றியது, ஃபேன் வைத்தார்கள். தூங்கிவிடக் கூடாதே என்று டிவியும் வந்தது. கண் மீட்டரை விட்டுப் போகக் கூடாதென்பதால், டிவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். இதையும் மெனக்கெட்டு யோசித்துத்தான் செய்தார்கள்.

மீட்டர் குதிரையாய் ஓடியது. வஞ்சிக்கொடி ஒவ்வொரு யூனிட்டாகக் கைநழுவிப் போவதைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தான் பாவி நாச்சிமுத்து.

“அண்ணா, நாம பாக்கறதுனாலதான் அது ஓடுது” என்றான் குப்புராசு.

“பாக்காட்டி ஓடலீன்னு எப்படிடா தெரியும்?”

“பாத்தாத்தான் தெரியும்.”

மூவரும் கண்ணை மூடி மூடித் திறந்து பார்த்தார்கள். பிறகு சென்னியப்பன் திருவாய் மலர்ந்தான்.

“லைட்டுனாலதானே ஓடுது? பந்தல்காரர்கிட்ட டீசல் ஜெனரேட்டர் இருக்குது. மெயினை அணைச்சுப்போட்டு, எல்லாத்தையும் அதுல ஓட்டுவோம்.”

அன்றோடு மீட்டர் நின்றது. ஜெனரேட்டரைக் கூடத்தின் நடுவில் வைத்து, மழை பட்டுவிடும் என்று சன்னல்களையும் சாத்தினார்கள். நின்றுபோன மீட்டரை மாப்பிள்ளை ஃபோகஸ் லைட்டில் ஆசைதீரப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வப்போது மூச்சுவிட வாசலுக்கு ஓடிவந்தான்.

ரீடிங் நாளன்று ராக்கியண்ணன் வந்தார். கதவைத் திறந்ததும் கரும்புகை அவர் முகத்தில் அடித்தது. உள்ளிருந்து சட்டிக்கரி பூசினாற்போல ஒருவன் கைகூப்பிக்கொண்டு வந்தான்.

“மாமா, கரண்டு பாதிகூட ஆகலீங்க! நீங்க சொன்ன பொகையையும் கண்டுபுடிச்சுட்டோமுங்க. எங்கியோ இல்லீங்க, நம்மூட்லயேதான் இருந்துச்சு!”

ராக்கியண்ணன் இருமிக்கொண்டே ஓட்டமெடுத்தார். நாச்சிமுத்து வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். கரி வழிந்து வேட்டியும் பாழாயிற்று.

“அழுவாதீங்கண்ணா. இந்தப் பொகையில அவருக்கு மீட்டரு தெரியல, அவ்வளவுதான்” என்றான் குப்புராசு. “பொகையை வெளிய தள்ள ஒரு பெரிய ஃபேன் மாட்டுவோம்.”

“அதுக்குக் கரண்டு?” என்று நாச்சிமுத்து மூக்கை உறிஞ்சினான்.

இரண்டாவது ஜெனரேட்டருக்குச் சென்னியப்பன் அதற்குள் பந்தல்காரர் வீட்டுக்குக் கிளம்பியிருந்தான்.